அறுநூற்றுப் பதினொரு கறுப்பு நாடாக்கள்

ஃபைலை முழங்காலால் அழுத்திக்கொண்டு, மூக்காயி நாடாவை நீளத்தில் ஒரு சுற்றும் குறுக்கே ஒரு சுற்றும் சுற்றினாள். நுனியைப் பல்லில் கடித்து இழுத்தாள். முடிச்சு இடது மூலையில் போய் உட்கார்ந்தது. வெள்ளை நாடா. ஃபைலைத் தட்டில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். அதற்குக் கறுப்பு நாடா. அதை மட்டும் பல்லில் கடிக்கவில்லை. கையாலேயே இழுத்து முடிந்தாள்.

எங்கள் ஆஸ்பத்திரியில் அவள் கட்டிய கடைசி இரண்டு ஃபைல்கள் அவை. 2024 மார்ச் மாதம். மறுநாள் ஸ்கேன் எடுக்கும் கம்பெனி ஆட்கள் வந்துவிட்டார்கள்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கும் அறுபது கட்டில் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். பெண்கள் வார்டில் நான் இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கிறேன். நோயாளிகளைப் பராமரிக்கப் பயிற்சி எடுத்தவள். படுத்த படுக்கையாக இருப்பவர்களைத் திருப்பிப் போடுவது, புண் துடைப்பது, இறந்தவரின் கண்ணை மூடித் தாடையைக் கட்டுவது எல்லாம் என் கைவேலை. பேய்க்கதை சொல்லும் பழக்கம் எனக்கில்லை. நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன்.

மூக்காயி சாணார்பட்டிப் பக்கத்துக்காரி. புருஷன் திருப்பூருக்குப் போனவன் திரும்பவில்லை. கைக்குழந்தையாக இருந்த மகளை வளர்க்க வேறு வழி தெரியாமல் சில வருடம் தோட்ட வேலைக்குப் போனாள். பிறகு 1999இல் எங்களிடம் தரை துடைக்க வந்தாள். மூன்றாம் வகுப்புப் படிப்பு. எழுத்துக் கூட்டிப் படிப்பாள், ஆங்கிலம் தெரியாது. ஒரு நாள் கரண்ட் போன நேரத்தில் பெரிய டாக்டர் ஒரு பழைய ஃபைலைக் கேட்க, கிளார்க் டார்ச் தேடிக்கொண்டிருந்தார். இவள் துடைப்பத்தைச் சாத்திவிட்டு இருட்டுக்குள் போய் ஃபைலை எடுத்து வந்து நீட்டினாள். "நீ எப்படிம்மா கண்டுபிடிச்ச?" என்று டாக்டர் கேட்டார். "தினம் துடைக்கிற எடந்தானங்கய்யா" என்றாள். அடுத்த மாதம் ரெக்கார்டு ரூம் அவள் பொறுப்புக்கு வந்தது.

நாடா விஷயம் பெரிய டாக்டர் போட்ட விதி. ஃபைல் அட்டையின் மேல் இறப்பு என்று எழுதக்கூடாது. கவுண்டரில் நிற்கும் சொந்தக்காரர்கள் கண்ணில் படும், வரிசையில் நிற்கும் மற்றவர்களும் பார்ப்பார்கள் என்பார். வீட்டுக்குப் போனவர் ஃபைலுக்கு வெள்ளை நாடா, இறந்தவர் ஃபைலுக்குக் கறுப்பு நாடா. இறந்த விவரம் உள்ளே கடைசித் தாளில் டாக்டர் கிறுக்கலில் இருக்கும். வெளியே நாடா மட்டும்தான் சொல்லும். இருபத்தைந்து வருடத்தில் நாற்பதாயிரம் ஃபைல் சேர்ந்தது. எல்லாவற்றையும் கட்டியது அவள் கை.

பெரிய டாக்டர் காலமானதும் அவர் மகன் பொறுப்பேற்றார். காகிதமே வேண்டாம் என்று முடிவு செய்தார். அதில் தப்பில்லை. மழைக்காலத்தில் கரையான் தின்ற ஃபைலைப் பார்த்தவள் நான். ஸ்கேன் ஆட்கள் கத்திரியை வைத்து நாடாக்களை வெட்டினார்கள். தாள்களை இயந்திரத்தில் விட்டார்கள். அட்டையில் இருந்த பெயர், பிறந்த தேதி, போன் நம்பர், கட்டில் எண், கடைசிக் காய்ச்சல் அளவு, கடைசியாக வந்த தேதி இவற்றை மட்டும் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். வெட்டிய நாடாக்களை ஒரே சாக்கில் போட்டார்கள். கறுப்பும் வெள்ளையும் கலந்து கிடந்தன.

அந்த நிமிஷத்தில் எங்கள் ஆஸ்பத்திரியில் இறந்தவர் என்று யாருமே இல்லாமல் போனார்கள். அது யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

ஜூன் மாதம் புதிய முறை ஓட ஆரம்பித்தது. ஆறு மாதத்துக்கு மேல் வராத நோயாளிகளின் போனுக்கு, மறுபரிசோதனைக்கு வாருங்கள் என்று மாதம் ஒரு முறை தானாகவே செய்தி போகும். பதிலுக்கு ஒன்று என்று அமுக்கினால் டோக்கன் கிடைத்துவிடும். முதல் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அருளப்பன் என்கிற விவசாயி போனைத் தூக்கிக்கொண்டு கவுண்டருக்கு வந்தார்.

"ஏம்மா, எம் பொண்டாட்டியக் கூப்புட்டிருக்கீக. அவ ஒம்பது வருசமா கல்லறையில இருக்கா. நான் போயிக் கூட்டியாரவா, இல்ல டாக்டரு அங்கனயே வாராரா?"

ஹாலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்து முடிப்பதற்குள் ஒலிபெருக்கி பேசியது. டோக்கன் எண் ஏழு. பெண் குரல், சுத்தமான உச்சரிப்பு. பேகம்பூர்ப் பாட்டி ஒருவர் பெயரைச் சொன்னது. அவர் தாடையைக் கட்டியது நான். போனை வைத்திருந்த பேரன் எதையோ அமுக்கிவிட்டான் போலிருக்கிறது. மூன்று தடவை கூப்பிட்டது. ஹாலில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அன்றைக்கு முழுக்க அதில் யாரும் உட்காரவில்லை.

கம்ப்யூட்டர் பொறுப்பாளர் சனாவுல்லா என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். பழைய பில்லிங் கிளார்க்தான், நாற்பது வயதுக்காரர். அருளப்பன் மனைவி பெயருக்கு நேராக வயது அறுபத்தேழு என்றிருந்தது. இறக்கும்போது ஐம்பத்தெட்டு.

"பொறந்த தேதிய வச்சு அதுவாக் கணக்குப் போட்டுக்கிது சிஸ்டர். இறந்துட்டாகன்னு குறிச்சாத்தான் வயசு நிக்கும்."

திரையை உருட்டிக்கொண்டே போனார். எனக்குத் தெரிந்த பெயர்கள் வந்தன. எல்லாரும் வயதாகிக்கொண்டிருந்தார்கள். பிறந்த மறுநாளே போன ஒரு குழந்தைக்கு இப்போது பதினொரு வயது.

நாற்பதாயிரம் ஃபைலில் கடைசித் தாளைத் தேடித் திறந்து படிக்க ஒரு வருடம் ஆகும். அதுவரை இவர்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். அப்போதுதான் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த மூக்காயி சொன்னாள், "நான் சொல்றேன், எழுதிக்கங்க பாய்."

ரெக்கார்டு ரூமில் தட்டுகள் மட்டும்தான் மிச்சம். அவள் உள்ளே போய் வெறும் தட்டில் கையை வைத்தாள். "ரெண்டாம் ரேக்கு, மேல்தட்டு. மொத அஞ்சு வெள்ளை. ஆறாவது கறுப்பு. நெலக்கோட்டைக்காரரு, வயித்துல தண்ணி." கையை நகர்த்தினாள். "பத்தாவது கறுப்பு. பாம்பு கடிச்ச பிள்ள." சனாவுல்லா கதவருகில் டேப் என்கிற கைக் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு தேடினார். ஒவ்வொன்றும் சரியாக இருந்தது. கடைசித் தாளைத் திறந்தால் அங்கே டாக்டர் எழுதியிருந்தார்.

நான்கு நாள் இப்படி நடந்தது. நான் சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பக்கம் போவேன். வெறும் அறைக்குள் பெயர் பெயராக எதிரொலித்துக்கொண்டிருக்கும். அவள் முகம் சுவரைப் பார்த்தபடி இருக்கும், விரல்கள் காற்றில் முடிச்சுப் போடும்.

"உங்க பொட்டிக்குக் கண்ணு இருக்கு பாய். கைதான் இல்ல" என்றாள் அவள்.

"அதான் உங்களக் கூப்பிட்டிருக்கோம்ல, கைய ஆட்டுங்க" என்றார் அவர்.

அவள் சொன்னது அறுநூற்றுப் பதினொரு பெயர். சனாவுல்லா ஒழுங்கான மனிதர். சாக்கைக் கவிழ்த்துக் கறுப்பு நாடாக்களை எண்ணச் சொன்னார். நானும் உட்கார்ந்து எண்ணினேன். அறுநூற்றுப் பதினொன்று. எல்லாரும் கை தட்டினார்கள். பெரிய டாக்டரின் மகன் அவளுக்கு ஒரு புடவை கொடுத்தார். நான் எண்ணிக்கையை நம்பினேன், பெயர்களைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒன்று குறைவதை அன்றைக்கே சொல்லியிருப்பேன்.

மூக்காயியின் மகள் அறிவுச்செல்வி 2012இல் காய்ச்சலில் எங்கள் வார்டில்தான் இறந்தாள். பதினான்காம் கட்டில். பத்தொன்பது வயது. நான்தான் பக்கத்தில் இருந்தேன்.

செப்டம்பர் மாதம், ஒரு புதன்கிழமை. காலையிலிருந்தே மழை மூட்டம். பன்னிரண்டு மணி இருக்கும். வார்டு ஒலிபெருக்கியில், "டோக்கன் எண் இருபத்து மூன்று, அறிவுச்செல்வி, அறை எண் இரண்டு" என்று கேட்டது. ஊரில் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு பெட்பேனைக் கழுவப் போனேன்.

திரும்பி வந்தபோது வார்டுச் சுவர்த் திரையில் பதினான்காம் கட்டிலுக்கு நேராகப் பெயர் வந்திருந்தது. அறிவுச்செல்வி, பெண், 31. கட்டில் காலி.

"யாரு இது?" என்று நர்ஸ் ஷாஹினாவைக் கேட்டேன். கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்றவள், வேலையில் கெட்டி.

"ஓ.பி.யில இருந்து அட்மிஷன் சிஸ்டர். கீழ கேண்டீன் போயிருப்பாங்க."

முன்பெல்லாம் அட்மிஷன் சீட்டை நோயாளியே கையில் கொண்டு வர வேண்டும். ஆளைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவோம். இப்போது சீட்டு இல்லை, டாக்டர் திரையில் தட்டினால் இங்கே பெயர் வந்துவிடும். பழைய நோயாளி என்றால், காலியாக இருக்கும் பட்சத்தில் முன்பு படுத்த கட்டிலையே அது கொடுக்கும்.

இரண்டு மணிக்கு ஆத்தூரிலிருந்து தங்கமுத்து என்கிற பெண்ணைக் கொண்டு வந்தார்கள். நல்ல காய்ச்சல். கட்டில் இல்லை. பெஞ்சில் உட்கார்த்தி ட்ரிப்ஸ் ஏற்றினோம். பாட்டிலைப் புருஷன் தூக்கிப் பிடித்தபடி நின்றார். "அந்தா, அந்தக் கட்டில்ல யாருமில்லையேம்மா?" என்று கேட்டார். பெயர் இருக்கும் கட்டிலில் இன்னொருவரைப் படுக்கவைத்தால் ஒருவருக்கு எழுதிய மருந்து இன்னொருவருக்குப் போகும். முடியாது என்றேன். ஊசி போடும் அறை மேசையில் மெத்தை விரித்து அவளைக் கிடத்தினேன்.

நான்கு மணிக்கு ஷாஹினாவின் டேப் கத்த ஆரம்பித்தது. பதினான்காம் கட்டிலுக்குக் காய்ச்சல் அளவு பதியவில்லை என்று சிவப்பாக மின்னியது. அவளுக்கு அன்றைக்குப் பன்னிரண்டு நோயாளி. முந்தைய அளவே என்று ஒரு பட்டன் இருக்கிறது, அதை அமுக்கினாள். திரையில் 103.2 என்று விழுந்தது.

எனக்கு அந்த எண் தெரியும். என் கையெழுத்தில் நான் எழுதியது அது. பன்னிரண்டு வருடம் முன்பு, அறிவுச்செல்விக்குக் கடைசியாகப் பார்த்த சூடு.

நான் பதினான்காம் கட்டிலுக்குப் போனேன். விரிப்பு ஒருவர் எழுந்துபோன மாதிரி பாதி மடிந்திருந்தது. விரிப்பைச் சரி செய்யக் கையை வைத்தேன். மெத்தை சுட்டது. மேற்கு ஜன்னல் வெயில் அந்தக் கட்டிலில் விழுவது உண்டு. அன்றைக்கு வெயில் இல்லை. அதற்கு மேல் எனக்குத் தெரியாது. கையைக் கழுவிக்கொண்டு ஷாஹினாவிடம் போய், "ஆளைப் பாக்காம இனிமே அந்தப் பட்டன அமுக்கின, வெரல ஒடிப்பேன்" என்று சொன்னேன்.

ஆறு மணிக்குச் சமையலறையிலிருந்து கஞ்சியும் பிரெட்டும் வந்தன. அவர்களுக்கும் திரைதான் சொல்கிறது. தட்டைப் பதினான்கின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். நான் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தபோது அங்கே ஸ்டூலில் மூக்காயி உட்கார்ந்திருந்தாள். கஞ்சிக் கிண்ணம் காலி.

"கஞ்சிய யாரு குடிச்சா?"

"நான்தான்க்கா. பசிச்சுச்சு."

"டாக்டரு ரூமுக்குள்ள போனதும் நீதானா?"

தலையாட்டினாள். பிறகு சொன்னாள். முதல் செய்தி ஜூனிலேயே அவள் போனுக்கு வந்திருக்கிறது. மகள் பெயரை மட்டும் அவளுக்குக் கூட்டாமலே படிக்கத் தெரியும். ஒன்றை அமுக்கியிருக்கிறாள். மாதம் ஒரு முறை ஹாலில் ஓரமாக உட்கார்ந்து பெயரைக் கூப்பிடுவதைக் கேட்டுவிட்டு எழுந்து போவாள். இந்தத் தடவைதான் கால் தானாக உள்ளே போனது என்றாள்.

"புதுசாச் சேந்த டாக்டரு. நிமிந்து பாக்கல. மகளுக்கு வந்தீங்களா, காய்ச்சல் விட்டுருச்சான்னாரு. விடலன்னேன். பொய்யாக்கா?"

"நாடா எண்ணினோமே, எப்படிச் சரியா வந்துச்சு?" என்று கேட்டேன்.

"அவளுக்கு நான் வெள்ளையில்ல கட்டினேன்."

சுவர்த் திரையில் 31 என்ற எண் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

"நான் ஒண்ணும் பண்ணலக்கா. அதுவா வருசம் வருசமாக் கூட்டிக்கிட்டே வந்திருக்கு. முப்பத்தொண்ணு. ரெண்டு பிள்ள இருந்திருக்கும். ஷாஹினா மாதிரி லேசா வயிறு போட்டிருக்கும்."

"குறிச்சிட்டா நின்னுரும். அதுக்குத்தான சொல்லல?"

"பத்தொம்பதுக்குப் போயிருமாம். பாய்கிட்டக் கேட்டேன்." என் முந்தானையைப் பிடித்தாள். "டிஸ்சார்ஜுன்னு போட்டு விடுங்கக்கா. வெள்ளை மாதிரி. கட்டிலு காலியாயிரும், அந்தப் பொம்பளைய இப்பவே இங்கன போட்டுரலாம். யாருக்கு என்ன நட்டம்?"

ஷாஹினா ஒரு பட்டனை அமுக்கினால் முடியும் காரியம்தான். ஆனால் நூற்று மூன்று டிகிரி காய்ச்சலுடன் இன்றைக்கு ஒரு பெண் வீட்டுக்குப் போனாள் என்று அது நிற்கும். அடுத்த மாதம் மறுபடி கூப்பிடும். மறுபடி கட்டில் கொடுக்கும். எத்தனை தங்கமுத்துகளை மேசையில் படுக்கவைப்பது?

"நான் போட மாட்டேன். அவ கண்ண மூடினவ நான். காலைல ஏழு மணிக்குச் சனா பாய் வருவாரு. எதப் போடணுமோ நீயே அவருகிட்டச் சொல்லு."

"சாகடிக்கச் சொல்றீகளா?"

"வார்த்தைய அளந்து பேசு மூக்காயி. தங்கமுத்துக்கு ட்ரிப்ஸ் தீந்துருச்சு, நான் போறேன்."

வண்டியைத் தள்ளிக்கொண்டு நகர்ந்தேன். பின்னால் அவள் ஷாஹினாவைக் கேட்டது காதில் விழுந்தது. "அந்தப் பொட்டியில காய்ச்சல் எம்புட்டுன்னு காட்டுது?"

"நூத்தி மூணுக்கா."

"நேத்து?"

"நேத்துன்னு இல்ல. இதுக்கு முந்தி 2012தான். அதுவும் நூத்தி மூணு."

மூக்காயி தன் புறங்கையை எடுத்து, கட்டிலில் தலையணைக்கு மேலே, ஒரு நெற்றி இருக்கும் உயரத்தில் பிடித்தாள். வைத்த கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். நான் பார்த்தேன். பிறகு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு முன்பே தலைக்குக் குளித்துவிட்டு வந்து சனாவுல்லாவின் மேசை முன் நின்றாள். இறப்பைக் குறிக்க ஒரு டாக்டரின் கைரேகையும் வேண்டும் என்பதால் ராத்திரி டியூட்டி டாக்டரை நான் போகவிடாமல் பிடித்து வைத்திருந்தேன்.

"ஆறாம் ரேக்கு, மூணாம் தட்டு, கடைசி ஃபைலு" என்றாள். "கறுப்பு."

சனாவுல்லா என்னைப் பார்த்தார். "அது உங்க மக ஃபைலுல்ல?"

"வயசு கூடுது பாய், காய்ச்சல் கொறையல. பன்னெண்டு வருசமா நூத்தி மூணுல கிடக்கா. விடட்டும்."

அவர் கடைசித் தாளைத் திறந்து சரிபார்த்தார். டாக்டர் விரலை வைத்தார், அவரும் விரலை வைத்தார். 31 என்றிருந்தது 19 ஆனது. உடனே மூக்காயியின் இடுப்பில் போன் அதிர்ந்தது. எடுத்து என்னிடம் நீட்டினாள். அதைத் தானாக அனுப்பவும் ஏற்பாடு செய்து வைத்திருந்தார்கள். அறிவுச்செல்வியின் மறைவுக்கு ஆஸ்பத்திரி ஆழ்ந்த இரங்கலைத் தெரிவிக்கிறது என்று வாசித்துக் காட்டினேன்.

"சரி" என்றாள்.

பதினான்காம் கட்டிலின் விரிப்பை நான் உரித்தேன். மெத்தையின் ஒரு முனையை அவள் பிடித்தாள், மறுமுனையை நான் பிடித்தேன். மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய் வெயிலில் போட்டோம். மெத்தை குளிர்ந்திருந்தது. கட்டில் சட்டத்தைப் பினாயில் போட்டுக் கழுவினோம், கால்களைத் தேய்த்தது மூக்காயி. எட்டரைக்கு வேறு மெத்தை போட்டுத் தங்கமுத்துவைக் கொண்டுவந்து படுக்கவைத்தோம். ஷாஹினாவின் டேப் கத்தியது. அவள் கை அந்தப் பட்டன் பக்கம் போகவில்லை. தெர்மாமீட்டரை எடுத்து என்னிடம் கொடுத்தாள். தங்கமுத்துவின் அக்குளில் வைத்து, நேரம் பார்த்து, எடுத்துப் பார்த்தேன்.

நூற்று ஒன்று. முந்தின நாளைவிடக் குறைவு.